ஊமைக்கோட்டான் அனுப்பிய பூ

ஜூன் 4

என் அருமை ஊமைக்கோட்டானுக்கு,

மகள் சுகம். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. வாரம் ஒரு கடிதம் போட்ட மனிதர், இப்போது மாதம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டீர்கள். அதிலும் அங்கே நீங்கள் நடத்தும் பட்டறையைப் பற்றி ஒரு வரி இல்லை. தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து ஒரு சாமந்திப் பூ மட்டும்.

“வாசலில் காய்ந்து கிடந்தது” என்கிறீர்கள். பூவை ரெசினில் பதித்து டாலரும் தோடும் செய்கிறவளிடமே கதை விடுகிறீர்களா? வெயிலில் காய்ந்தால் பூ சுருண்டு வெளுத்துவிடும். இது பறித்த நிறம் மாறாமல் இருக்கிறது. இதழடியில் வெள்ளை மணல் வேறு. ஈரம் உறிஞ்சும் மணலில் ஒரு வாரம் புதைத்து, தூரிகையால் தட்டி எடுத்த பூ. பனியன் மடிக்கத் தெரியாத உங்கள் கைக்கு இது வருமா? யார் அவள்?

உங்கள்
அவசரக்குடுக்கை

ஜூன் 12

பதில் இல்லை. “அம்மா, எத்தனை தடவைதான் கேட்டைத் தொறந்து மூடுவே?” என்கிறாள் மகள்.

நேற்று ஆத்திரத்தில் உங்கள் பூவை அச்சில் வைத்து ரெசினை ஊற்றிவிட்டேன். கண்ணாடி மாதிரி இறுகிவிட்டது. இனி அவளே வந்து கேட்டாலும் பிரித்துத் தர முடியாது.

ஜூன் 16

அவசரக்குடுக்கைக்கு,

அவள் யாரும் இல்லை. நான்தான்.

பட்டறையை மூடி இரண்டு மாதமாகிறது. பூக்கடையில் காம்பு வெட்டுகிறேன், வாளி கழுவுகிறேன். “காய்ந்த பூவை வைத்து ஒரு பிழைப்பா” என்று எத்தனை பேர் முன்னால் உன்னைக் கேலி பண்ணியிருக்கிறேன்! எந்த முகத்தோடு எழுதுவது? விற்காத பூக்களை பிஸ்கட் டின்னில் மணல் கொட்டிப் புதைத்துப் பழகினேன். ஆறு பூ உதிர்ந்துபோனது. ஏழாவதுதான் உனக்கு வந்தது.

உன் மேஜையில் எனக்கும் ஒரு ஓரம் தருவாயா? திட்டுவதென்றாலும் உடனே எழுது.

உன்
ஊமைக்கோட்டான்

ஜூன் 20

என் அருமை மனிதருக்கு,

படித்ததும் அழுதேன். அப்புறம் உங்களைக் கண்டபடி திட்டினேன், மகள் சாட்சி. பட்டறை போனால் போகட்டும். நீங்களே போய்விட்டீர்களோ என்றல்லவா நான் செத்துப் பிழைத்தேன்!

உங்கள் பூ ரெசினுக்குள் பழுப்பேறிவிட்டது. நடுவில் ஈரம் இருந்திருக்கிறது. தொட்டுப் பார்க்காமல் ஊற்றியது என் தப்பு. இருந்தாலும் அதைத்தான் கழுத்தில் போட்டிருக்கிறேன்.

அந்தப் பூ இன்னும் இரண்டு நாள் மணலில் இருந்திருக்க வேண்டும். நீங்கள் அங்கே ஒரு நாள்கூட இருக்க வேண்டாம். கிளம்பி வாருங்கள்.

அவசரமாக,
உங்கள்
அவசரக்குடுக்கை