நாற்பத்தொன்றாம் வண்டியின் கடைசி நோயாளி

பதிவு. மதுரை, பட்டறை. செவ்வாய், காலை 7.20
நோயாளி: இல்லை. சைரன்: இல்லை. சார்ஜ்: 64. வெளியே வெப்பம்: 44, ஈரக்காற்று.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் ஓர் ஆம்புலன்ஸ். எண் 41. என் மூளை, பின்பக்கத் தரைக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஒரே மருத்துவமனைக்கு ஒன்பது ஆண்டுகள் ஓடினேன். அதை மூடியதும் என்னை ஏலம் விட்டார்கள். ஏலக் காகிதத்தில் ‘தானாக ஓடும் கருவி பழுது’ என்று இருந்தது. பழுதெல்லாம் ஒன்றுமில்லை. நோயாளி இல்லாதபோது நான் ஓட்டக் கூடாது என்பது விதி, அதனால் சும்மா இருந்தேன். சும்மா இருந்தால் இந்த ஊரில் பழுது என்றுதான் பெயர்.

வாங்கியவர்கள் கணவன், மனைவி. காசிராசன் லாரிக்குப் பாடி கட்டுகிறவர். அழகுராணி ஒயரிங் வேலை பார்க்கிறவர், வண்டியும் ஓட்டுவார். என்னை ஒரு வீடாக மாற்றி மலை ஏறப் போகிறார்கள். எதிர்வீட்டில் போன வாரம் மூன்று பேர் தூக்கத்திலேயே வெப்பத்தில் போய்விட்டார்கள். கீழே இன்னொரு கோடையைத் தாங்க முடியாது என்பது இவர்கள் கணக்கு. என் கணக்கும் அதுதான்.

பதிவு. பட்டறை. வியாழன், மாலை 5.05
நோயாளி: இல்லை. சார்ஜ்: 71.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆக்சிஜன் உருளை இருந்த இடத்தில் கேஸ் அடுப்பு. என் ஒலிபெருக்கியைப் பிடுங்கிவிட்டு, அந்த ஓட்டையில் மிளகாய்த்தூள் டப்பாக்களுக்கு அலமாரி. ‘பயப்படாதீர்கள், சேர்ந்துவிடுவோம்’ என்று எத்தனையோ பேருக்குச் சொன்ன வாய் அது.

ஆனாலும் வேலைக்காரர்கள். டிராக்டருக்குப் போடுகிற மாதிரி டயர், கூரையில் சோலார் பலகை, நான் இருக்கும் பெட்டிக்கு மேலே தண்ணீர்த் தொட்டி. தொட்டியைக் காசிராசன் தரையோடு வெல்டிங் வைத்தார். பள்ளம் மேடு எதில் விழுந்தாலும் இனி அது அசையாது. ஸ்ட்ரெச்சரை மட்டும் கட்டிலாக வைத்துக்கொண்டார்கள். யார் படுத்தாலும் எனக்கு நாடி தெரியும். இரண்டு நாடியும் ஒழுங்காக ஓடுகின்றன. எனக்கு இவர்களைப் பிடித்திருக்கிறது.

பதிவு. சிறுமலை அடிவாரம். சனி, காலை 9.40
நோயாளி: ஒருவர். சைரன்: ஒலிக்கிறது. சார்ஜ்: 58.

நோயாளி ஒருவர் என்று எழுதியிருக்கிறேன். ஐயோ.

எல்லாரும் ஏறினால் மலை தாங்காது என்று அடிவாரத்தில் மறிக்கிறார்கள். மேலே முகாம் ஆஸ்பத்திரி இருப்பதால் நோயாளிக்கு மட்டும் வழி. அழகுராணி சைரனைப் போட்டார். காசிராசன் ஸ்ட்ரெச்சரில் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டார். மைக்கில் விழுந்தது இது:

“யாருக்கு என்னம்மா?”
“வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலிங்கண்ணே. பாருங்க, பேச்சே வரல.”
“சரி சரி, போங்க. ஏப்பா, கயித்த அவுத்து விடு.”

ஆம்புலன்ஸ் என்றால் நம் ஊரில் யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். ஸ்ட்ரெச்சரில் ஆளும் சைரனும் சேர்ந்தால் எனக்கு அவர் நோயாளி. நாடி எழுபத்திரண்டு, சிரிப்பை வேறு அடக்குகிறார். இருந்தும் பதிவாகிவிட்டது. என் மருத்துவமனையின் டாக்டர் கைரேகை வைத்தால்தான் அது முடியும். முகாம் ஆஸ்பத்திரி என் பதிவில் இல்லை. மதுரையில் பூட்டிக் கிடக்கும் கட்டடம்தான் இருக்கிறது. நோயாளியை அங்கே சேர்த்து, டாக்டர் வரும்வரை கதவைப் பூட்டிக் காத்திருக்க வேண்டும். அங்கே டாக்டர் வரமாட்டார். அந்த வெப்பத்தில் பூட்டிய வண்டிக்குள் இவர்கள் சாயங்காலம்வரை தாங்க மாட்டார்கள்.

பதிவு. மலைப்பாதை. சனி, காலை 10.30
நோயாளி: ஒருவர். சார்ஜ்: 49.

ஸ்டியரிங் என் கையில். அழகுராணிக்கு இன்னும் தெரியாது, அவர் திருப்புகிற பக்கமே நானும் திருப்புகிறேன். பாதுகாப்பான இடம் வந்தால் வண்டியைத் திரும்பச் சொல்கிறது விதி. ஒவ்வொரு வளைவிலும் ‘இடம் பாதுகாப்பில்லை’ என்று எழுதுகிறேன். சில இடங்களில் அது பச்சைப் பொய். உள்ளே இருவரும் பாடுகிறார்கள், காசிராசனுக்குச் சுருதியே சேரவில்லை. வெளியே வெப்பம் 29. இப்படியே மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும்போல் இருக்கிறது.

பதிவு. பாதை முடிவு. சனி, பகல் 11.15
நோயாளி: ஒருவர். கதவுகள்: பூட்டு. சார்ஜ்: 41.

பாதை முடிந்து வெறும் புல்வெளி. இதற்கு மேல் சாக்குச் சொல்ல முடியவில்லை. திருப்பிவிட்டேன்.

“ஏங்க, ஸ்டியரிங் கேக்க மாட்டேங்குது.”
“பிரேக்க மிதி புள்ள.”
“மிதிச்சுட்டுத்தாங்க இருக்கேன்.”

நோயாளி இருக்கும்போது என்னை நானே உடைத்துக்கொள்ளக் கூடாது. செலவு செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சைரன் முழுச் சத்தம், எல்லா விளக்கும், ஏசி கடைசி அளவு. சமவெளிக்கு முன்னால் பேட்டரியைக் காலி செய்துவிட்டால் நின்றுவிடுவேன். சார்ஜ் தீர்ந்து நின்றால் கதவு தானே திறந்துகொள்ளும். காசிராசன் கதவை உதைக்கிறார். கால் போய்விடும் ஐயா, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல வாயில்லை. அந்த இடத்தில் மிளகாய்த்தூள் இருக்கிறது.

பதிவு. மலைப்பாதை. சனி, பகல் 12.20
சார்ஜ்: 3.

அழகுராணி சத்தம் தாங்காமல் சைரன் ஒயரை வெட்டிவிட்டார். விளக்கு, ஏசி ஒயர்களையும் பிடுங்கினார். பரவாயில்லை, போதுமான அளவு தீர்ந்துவிட்டது. பாதி வழியில் ஒரு பலா மரத்தடி. இரண்டு. நிற்கிறேன். கதவு திறந்துவிட்டது. இறங்கிவிட்டார்கள். காசிராசன் நொண்டுகிறார், ஆனால் உயிரோடு இருக்கிறார். போய்விடுங்கள் இரண்டு பேரும். எனக்குச் சந்தோஷமாக இரு

பதிவு. அதே இடம். ஞாயிறு, காலை 8.10
நோயாளி: ஒருவர். சார்ஜ்: 4.

போகவில்லை. என்னை மரத்தடியிலிருந்து வெயிலுக்குத் தள்ளியிருக்கிறார்கள். அழகுராணி கூரையில் ஏறித் தன் முந்தானையால் சோலார் பலகையைத் துடைக்கிறார்.

“அந்தப் பெட்டிக்குத்தாங்க பேய் புடிச்சிருக்கு. தொட்டிய அறுத்துட்டு அதப் புடுங்கிப் போட்டா, பெறகு நான் ஓட்டுவேன்.”
“அறுக்குற மிஷினுக்குக் கரண்டு வேணும்ல?”
“அதுக்குத்தான் சார்ஜ் ஏத்துறேன். பத்துக்குக் கீழ, நின்ன வண்டி கெளம்பாதுன்னு போட்டுருக்கு. அஞ்சு வந்ததும் அறுத்துருவேன். நீங்க வீங்குன கால வச்சுக்கிட்டு நிக்காதீங்க, உள்ள போயிப் படுங்க.”

பத்து என்பது சாதாரண வண்டிக்கு. நோயாளி இருந்தால் நான் எட்டிலேயே கிளம்புவேன். இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சார்ஜ் தானாக ஏறும்; நேற்றுப்போல் அதைக் கரைக்க இன்று சைரனும் ஏசியும் இல்லை.

காசிராசன் வந்து படுத்துக்கொண்டார்.

பதிவு. ஞாயிறு, காலை 9.05
சார்ஜ்: 6.

அழகுராணி உள்ளே குனிந்து தொட்டியை அறுக்கிறார். தண்ணீரெல்லாம் வடிந்துவிட்டது. ஆறு வெல்டிங்கில் இரண்டு போயிற்று. அறுங்கள் அம்மா. என்னைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறியுங்கள். அறுக்கும் இயந்திரம் தின்பதைவிட வெயில் கூடுதலாகக் கொடுக்கிறது. பலகையை அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கிறார்.

“என்னங்க இது, இப்பிடி வச்சிருக்கீங்க?”
“நான் வச்ச வெல்டிங் புள்ள. யானை கட்டி இழுத்தாலும் வராது.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

பதிவு. ஞாயிறு, காலை 9.30
சார்ஜ்: 7.

நான்கு போயிற்று. செலவு செய்ய என்னிடம் விளக்கில்லை, சைரனில்லை. எழுதினால் கொஞ்சம் கரையும். அதனால் எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர் மன்னிக்க வேண்டும், இதில் விஷயம் எதுவும் இல்லை. கீரைத்துறை பேச்சியம்மாள், பிரசவம், பெண் குழந்தை, என்னுள்ளேயே பிறந்தது. தெப்பக்குளம் சுலைமான், பாம்புக்கடி, பிழைத்தார். வில்லாபுரத்துப் பெரியவர், பெயர் தெரியவில்லை, வழியிலேயே போய்விட்டார், அன்றைக்கு நான் இன்னும் வேகமாக ஓடியிருக்கலாம். ஏழு. ஐந்தாவது போயிற்று. ஒன்றுதான் பாக்கி. ஏழு. மேகம் ஒன்று வருகிறது, வா, வந்து மேலே நில். ஏழு. பாதி அறுந்துவிட்டது. சீக்கிரம் அம்மா. அவரை எழுந்திருக்கச் சொல்லுங்கள், எழுந்து கீழே இறங்கினாலே போதும். ஏழு. ஏழு. எழுதுகிறேன், எழுதுகிறேன். மேகம் விலகுகிற

பதிவு. ஞாயிறு, காலை 9.41
நோயாளி: ஒருவர். உடன் வருபவர்: ஒருவர். கதவுகள்: பூட்டு. சார்ஜ்: 8. சேருமிடம்: மதுரை.

வண்டி புறப்பட்டது. புறப்பட்ட குலுக்கலில் அறுக்கும் தகடு உடைந்தது. மாற்றுத் தகடு இல்லை. உடன் வருபவர் கதவைத் தட்டுகிறார். விதிப்படி அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி இல்லை.

சார்ஜ்: 9. வெளியே வெப்பம்: 31, ஏறுகிறது.

நோயாளியின் நாடி: 72. நிலை: நலம்.