ஐந்து வாரம் நிறுத்திய மாத்திரை

மஹய்யாவ,
கண்டி.
14.03.1996

அன்பு மகன் சுந்தரலிங்கத்துக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீ சுகமாக இருக்கக் கதிர்வேலன் துணை. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. தங்கச்சி இராஜகுமாரி ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பதறாமல் முழுவதும் வாசி.

லூபஸ் என்றால் அவள் உடம்பே அவளை எதிரியாக நினைத்துத் தாக்குகிற வியாதி என்று அன்று சொன்னார்களே, ஞாபகம் இருக்கும். போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் மேல்வயிறு வலிக்கிறது என்றாள். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் வலி முதுகுவரை போய், நிமிர முடியாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தாள். அப்பா வேலையிலிருந்து ஓடி வந்தார், ஓட்டோவில் கொண்டுபோனோம். இரத்தம் சோதித்துவிட்டுக் கணையம் வீங்கியிருக்கிறது, வாய்க்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றார்கள். மறுநாள் யாழ்ப்பாணத்து லேடி டாக்டர் சரோஜினிதேவி வந்தார். லூபஸே கணையத்துக்குப் போயிருக்கலாம், லூபஸுக்கு அவள் குடிக்கிற ஸ்டீரொய்ட் மாத்திரையாலும் இப்படி வரலாம், முதலாவது என்றால் மருந்தைக் கூட்ட வேண்டும், இரண்டாவது என்றால் நிறுத்த வேண்டும், மாறிச் செய்தால் ஆபத்து என்றார். மாத்திரையை ஒழுங்காகக் குடித்தாயா என்று கேட்டார். தங்கச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒருநாளும் விடவில்லை என்றாள்.

மகனே, அது பொய். தெல்தெனியவிலிருந்து வீரய்யா குடும்பம் பெண் பார்க்க வருவதாக இருந்ததல்லவா, மாத்திரையால் அவள் முகம் உப்பிக் கிடக்கிறது என்று நான்தான் ஐந்து வாரமாக நிறுத்தி வைத்தேன். அந்த வலியிலும் பிள்ளை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அப்பா பக்கத்தில் நின்றதால் நானும் உண்மையை மறைத்தேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பிறகுதான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். “டாக்டரம்மா, அவ மாத்திரை குடிக்கல. நான்தான் குடிக்க விடல” என்றேன். அவர் ஏசவில்லை. “இப்பவாவது சொன்னீங்களே. நான் நிப்பாட்டச் சொல்லி எழுதப் போனனான்” என்றார்.

அன்றைக்கே அதே மருந்தைக் கூட்டி ஊசியாக ஏற்றினார்கள். ஐந்து நாள் காய்ச்சலும் மூச்சிரைப்புமாக, இருப்பாளா மாட்டாளா என்று கிடந்தோம். நேற்றுத்தான் வலி தணிந்தது, இன்று நான்கு கரண்டி கஞ்சித் தண்ணீர் இறங்கியது. முழுவதும் தப்பிவிட்டாள் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. அப்பா என்னோடு பேசுவதில்லை, பேசாமலே பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். பெண்ணுக்கு வியாதி இருக்கிறது என்று வீரய்யாவுக்கு நானே சொல்லியனுப்பிவிட்டேன்.

வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. உன் தலைக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். கோபம் வந்தால் என்னிடம் கோபப்படு. தங்கச்சிக்கு எழுதும்போது மாத்திரையைப் பற்றி மட்டும் கேட்காதே. உனக்கும் அவள் அந்தப் பொய்யைத்தான் எழுதுவாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
பரிமளம்