பதினான்காம் எண்ணின் முகம்

ஜனவரி 22, திங்கள்

பள்ளியிலிருந்து இரண்டு வாரம் வேலை பழக அனுப்பியிருக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு ஜெராக்ஸ் எடுக்கும் வேலை. எனக்கோ இலோயிலோ துறைமுகத்துக்கு எதிரே உள்ள சரக்குக் கப்பல் அலுவலகத்தில், ஆள் எடுக்கும் பிரிவு! கவுண்டருக்கு ஒருவர் வேண்டுமாம்.

மேலதிகாரி ஹெர்மினியா மேடம். நாற்பது விண்ணப்பங்களிலிருந்தும் புகைப்படங்களைப் பிரித்தெடுத்து, பின்புறம் எண் போட்டு உறையில் வைக்கச் சொன்னார். பெயர், ஊர் மேல் வெள்ளைத் தாள் ஒட்ட வேண்டும்.

"முகத்தப் பாத்தா மனசு முந்திக்கும், இண்டாய். நமக்கே தெரியாம. அதனால முகமே வேண்டாம்."

(இங்கே சின்னப் பெண்கள் எல்லோருமே 'இண்டாய்'தான்.) கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பிரித்தேன். ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. உறை என் இழுப்பறையில், சாவி என்னிடம்.

ஜனவரி 23

மனசு முந்திக்கொள்வது மேடமிடமே இருக்கிறது! மணிலாவில் படித்தவர்கள் தொலைபேசியில் பேசினால் சிரிக்கிறார். நம் ஊர்க்காரர்களுக்கு வெறும் 'ம்'. நோட்டில் கோடு போட்டு எண்ணினேன்: மணிலாவுக்கு நான்கு சிரிப்பு, நமக்கு ஒன்றுகூட இல்லை. பள்ளி அறிக்கையில் இதற்கென்றே ஒரு பக்கம் எழுதலாம்.

ஜனவரி 24

'பொட்டலம் தொலைந்துவிட்டது என்று ஒருவர் கோபமாக வந்தால் என்ன செய்வீர்கள்?' விண்ணப்பத்தில் இப்படி ஒரு கேள்வி. எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பதினான்காம் எண் மட்டும்: 'முதலில் உட்காரச் சொல்வேன்.' மேடம் அதை இரண்டு முறை உரக்கப் படித்தார். நாளை நேர்காணலுக்கு ஆறு பேர். பதினான்குதான் முதலிடம்.

ஜனவரி 25, வியாழன்

வாசல் என் பொறுப்பு. வருபவர்களுக்கு எண் அட்டை, நாற்காலி, தண்ணீர். திருவிழாவுக்காகத் தெருவில் காலையிலிருந்தே முரசுப் பயிற்சி, ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. இடையில் சாக்குப்பையும் ரப்பர் செருப்புமாக கரிய நிறப் பழங்குடியான ஆத்தி இனப் பெண் ஒருவர் உள்ளே வந்தார், பாவாடை ஓரமெல்லாம் ஈரம். அவர்களில் யாராவது மருந்து வேரும் எண்ணெயும் விற்கத் தினமும் வருவதுதான். "இன்னைக்கு உள்ள விக்கக் கூடாது, மனாங்" என்றேன். சிரித்து, அக்கா முறை வைத்துத்தான் சொன்னேன். அவர் வாயெடுப்பதற்குள் அடுத்தவர் வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் ஆளில்லை.

காவலாளி நெஸ்டர் அண்ணன், மனோங் நெஸ்டர், சிரித்தார். "என் வேலையையும் நீயே பாத்துக்கோ, நான் வீட்டுக்குப் போறேன்."

பதினான்கு வரவே இல்லை. "எழுதத் தெரியுது, எந்திரிச்சு வரத் தெரியல" என்றார் மேடம். எனக்கும் ஏமாற்றம்.

ஜனவரி 26

படங்களைத் திரும்ப ஒட்டச் சொன்னார்கள். பதினான்கை எடுத்தேன்.

அவர்தான்.

லியோனிசா பாரிடோ. வயது 23. குயிமராஸ் தீவு. படத்தில் வெள்ளைக் காலர்.

நான் மரியாதையாத்தானே சொன்னேன்? மனாங்னுதானே கூப்பிட்டேன்? பைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கெப்படித் தெரியும்? — பாக்கலையே. பாக்காமலே எப்படித் தெரிஞ்சுது, வேர்னு?

அவர் தொலைபேசிக்கு ஏழு முறை அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

மேடமிடம் மறுதேதி கேட்டுப் பார்த்தேன். "வராதவங்களுக்கு மறுதேதி கிடையாது. நம்ம பக்கம் தப்புன்னாதான். நம்ம தப்பு எதாவது இருக்கா?"

"இல்ல, மேடம்."

எவ்வளவு சீக்கிரம் வந்தது அந்த 'இல்ல'!

"செவ்வாய்க்கிழமை தேர்வுப் பட்டியல்ல கையெழுத்துப் போட்டு முடிச்சிடலாம். உன் கல்லூரி உதவித்தொகைக்குக் கடிதம் தயார். 'ஆளப் பாத்து நடக்காத பொண்ணு'ன்னு எழுதிருக்கேன். சந்தோஷமா?"

ஜனவரி 28, ஞாயிறு

திருவிழா. எங்கள் பள்ளிக் குழுவில் நானும் ஆடினேன். வருடா வருடம் போல எல்லோரும் ஆத்திகளாக, உச்சி முதல் பாதம் வரை கருஞ்சாயம். கூட்டம் கைதட்டியது. அம்மா படமெடுத்தார்.

கழுவ ஒரு மணி நேரம் ஆனது. கழுவினா போயிடுது, எனக்கு.

ஜனவரி 29

சொல்லவில்லை. மேடத்தின் அறைக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் ஸ்டேப்ளர் கேட்டு வாங்கி வந்தேன். மேசையில் இப்போது மூன்று ஸ்டேப்ளர்.

சொன்னால் கடிதம் கைவிட்டுப் போகும். கடிதம் போனால் கல்லூரியும் போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. 'வரவில்லை' என்றே அவர் பெயருக்கு நேரே நிற்கும். என் கையெழுத்தில்.

ஜனவரி 30, செவ்வாய்

மேடம் பேனா மூடியைத் திறந்தபோது சொன்னேன். "நம்ம தப்புதான், மேடம். அவங்க வந்தாங்க. விக்க வந்தவங்கன்னு நான்தான் வெளிய அனுப்பினேன்."

மூடியைத் திரும்பப் போட்டார்.

"வாசல்ல நின்னிருந்தா நானும் அதத்தான் சொல்லிருப்பேன்னு நெனைக்கிறேன். அதுக்காக உன்ன விட்டுட மாட்டேன். நடந்தத எழுது. பேர் போட்டு எழுது."

எழுதினேன். மேடம் கோப்பிலிருந்து என் கடிதத்தை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. தரவும் இல்லை.

லியோனிசாவுக்கு மறுதேதி உண்டு என்று சொல்ல வழி தெரியாமல் நின்றேன். மனோங் நெஸ்டரின் மைத்துனர் குயிமராஸ் படகில் வேலை செய்கிறாராம். "சொல்லியனுப்புறேன்" என்றார். பிறகு, "அன்னைக்கு நானும் சிரிச்சேனே" என்றார், என்னைப் பார்க்காமல்.

ஜனவரி 31

வரவில்லை. ஏன் வர வேண்டும்?

பிப்ரவரி 1, வியாழன்

பத்து மணிக்கு வந்தார். வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

அட்டையைக் கொடுத்தேன். "உட்காருங்க, மனாங். அன்னைக்கு நான்—"

"அன்னைக்குப் பையில ஷூ இருந்துச்சு, இண்டாய். படகுல நனையக் கூடாதுன்னு தனியா எடுத்துட்டு வந்தேன். எங்க நின்னு போட்டுக்கலாம்னு உன்னக் கேக்கத்தான் வந்தேன்."

இன்று பை இல்லை. காலணியைப் போட்டுக்கொண்டே கடலைக் கடந்திருக்கிறார். தோல் ஊறிப்போய், நடக்கும்போது தண்ணீர் கசிந்தது. நாற்காலியைப் பார்த்தார். உட்காரவில்லை. நேராக மேடத்தின் அறைக்குப் போனார்.

கதவு மூடி அரை மணி நேரமாயிற்று. மேடம் சிரிக்கும் சத்தம் ஒரு முறை கேட்டது. கோடு போட நோட்டை எடுக்கவில்லை.

மனோங் நெஸ்டர் ஈரத்தைத் துடைக்கத் துணி கொண்டுவந்தார். "இருக்கட்டும், மனோங்" என்றேன். வாசலிலிருந்து அந்த அறை வரை, பதினோரு மணிக்கு ஈரமெல்லாம் உலர்ந்து உப்பாக நின்றது, காலணித் தடம் தடமாக.