உங்கள் கரித்தூள் எந்த வகை, அக்கா?

என் அன்பு வள்ளி அக்கா,

நலமா என்று எழுதிவிட்டு அடித்தேன். இறந்துபோனவரிடம் வேறு எப்படித்தான் பேச்சைத் தொடங்குவது?

கொட்டாங்குச்சியைச் சுட்டு நீங்கள் செய்த கரித்தூள் என்னைப் பாடாய்ப்படுத்துகிறது. நம் காரைக்குடி ஆய்வகத்தில் உங்கள் கட்டுரையை முடிக்கும் பொறுப்பு இப்போது என் தலையில். "இது நுண்துளை வகைடா, ஒரு கரண்டித் தூளுக்குள்ள ஒரு செட்டியார் வீட்டுத் தரையே அடங்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அளந்தால் துளைகளின் உள்பரப்பு நீங்கள் சொன்னதில் பாதிகூட வரவில்லை. துளைகளும் பெரிய வகையில் போய் விழுகின்றன. அளவு சரிவராவிட்டால் கட்டுரையே வேண்டாம் என்கிறார் பேராசிரியர். கண்டரமாணிக்கத்தில் உங்கள் அம்மாவோ, அச்சில் வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். யார் தப்பு? நீங்களா, நானா?

அளக்கும் கருவியைத் துடைத்தேன், அதற்குள் செலுத்தும் வாயுவின் உருளையை மாற்றினேன். ஒன்றும் பிடிபடவில்லை.

போன வெள்ளிக்கிழமை, ஆய்வகத்தைக் கூட்டும் முத்தம்மாக்கா தூபக்காலோடு வந்தார். உங்கள் படம் உங்கள் மேஜைமேல்தான் இருக்கிறது. பக்கத்திலேயே, மூடாத தட்டில் உங்கள் தூள்.

"முத்தம்மாக்கா, இங்குட்டு எப்பவும் புகை போடுவீகளா?"

"அந்தப் புள்ள போனதுலருந்து வாராவாரம் போடுறேன் தம்பி. அதுக்குச் சாம்பிராணி வாசம்னா உசுரு. நீங்கதான படத்த இங்க வச்சீக?"

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். காற்றில் எது வந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும் தூள், சாம்பிராணியை விடுமா? நுண்துளையெல்லாம் புகையால் அடைபட்டிருக்கும். முத்தம்மாக்காவிடம் சொன்னால் அழுதுவிடுவார். தட்டை மட்டும் மூடி வைத்தேன்.

புகையை விரட்ட, தூளைக் காற்றில்லாத கலத்தில் சூடாக்கி மறுபடி அளந்தேன். அளவு ஏறியது, ஆனால் உங்கள் அளவைத் தொடவில்லை. மீதிக் குறை, இன்னும் போகாத புகையா, உங்கள் பிழையா? மேலும் சூடேற்றினால் துளைகளே மாறிவிடுமோ? ஒன்றும் புரியாமல் குழம்பிக் கிடக்கிறேன், அக்கா. நீங்கள் சொன்ன அளவையே எழுதிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்கு நீங்களே என்னை மன்னிக்க மாட்டீர்கள்.

ஒரு வாக்குத் தருகிறேன். புதிதாகத் தூள் செய்து, வேறு அறையில் வைத்து அளப்பேன். எந்த வகை வருகிறதோ அதையே எழுதுவேன், உங்கள் பெயரை முதலில் போட்டு. நீங்கள் சொன்னது தப்பென்று வந்தால் உங்களிடம்தான் முதலில் சொல்வேன். "போடா, ஒனக்கு அளக்கத் தெரியல" என்று எப்போதும்போல் சண்டைக்கு வருவீர்கள்தானே? அதற்காகவாவது தப்பாக வரட்டுமே என்றிருக்கிறது.

கூடப் பிறக்காமலே உங்களுக்குத் தம்பியாகிப்போன,
சுப்பு