தொட்டிப் பக்கம் போகாத நாட்கள்

ஜூன் 2

பேச்சு நின்று இன்றோடு மூன்று நாள். கடல் பவளம் வளர்க்கும் மீன்தொட்டியின் மோட்டார்தான் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து முனகிக்கொண்டிருக்கிறது.

காரணத்தை எழுதிவைக்கிறேன், பிறகு மறந்து மன்னித்துவிடக் கூடாது. நாத்தனார் வந்திருந்தாள். தொட்டியைப் பார்த்து வாயைப் பிளந்தாள். உடனே என் வீட்டுக்காரர், "மூணு வருஷமா நான் ஒருத்தனே இதைக் கட்டி இழுக்கிறேன்" என்றார். ஒருத்தனேயாம்! உப்புத் தண்ணீர் கலக்குவது யார்? பாசி சுரண்டுவது யார்? நடுப்பாறையில் நிற்கிற ஊதாக் கிளைப்பவளம் நகக்கண் அளவில் வந்தபோது, மூச்சைப் பிடித்துக்கொண்டு பசை வைத்து ஒட்டியது யார்?

அவள் போனதும் கேட்டேன். "அப்ப நீயே பாத்துக்க. இனிமே தொட்டிப் பக்கமே வரமாட்டேன்" என்றார். "நானும்தான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். எல்லாம் வாய்க்கொழுப்பு.

ஜூன் 3

மனசு கேட்கவில்லை. பவளம் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தை எடுத்துத்தான் எலும்பு கட்டும். எடுத்ததை நாம் தினமும் ஈடுகட்ட வேண்டும். காலையில் கால்சியம் ஒரு மூடி, சில மணி நேரம் கழித்துக் காரக் கரைசல் ஒரு மூடி. அளந்தால் லிட்டருக்கு 420 மில்லிகிராம் கால்சியம் காட்ட வேண்டும். ஐயா ரோஷக்காரர், சொன்னபடி பட்டினி போட்டுவிடுவார்.

அவருடைய புட்டியில் அளவு குறைந்தால் என் மானம் போகும். கடையில் புதிதாக இரண்டு வாங்கிவந்து, சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அந்தப் பக்கம் அவர் கை இந்த ஜென்மத்தில் போகாது.

அவர் எட்டு மணிக்கு ஆபீஸ் கிளம்பினார். எட்டே காலுக்கு நான் ஊற்றினேன்.

ஜூன் 9

சோதனைப் பெட்டி அவர் மேசை டிராயரில் இருக்கிறது. எடுத்தால் தெரிந்துவிடும், கேட்டால் தோற்றதாகிவிடும். கண்ணளவில் ஊற்றுகிறேன். மூன்று வருஷக் கைக்கு அளவு தெரியாதா?

ஜூன் 15

கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ படிகிறது. சுரண்டினேன். துரை அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. சோபாவில் உட்கார்ந்து பேப்பரைத் தலைகீழாகப் பிடிக்காத குறைதான்.

ஜூன் 21

பேச்சு இல்லை. ஒரு மூடி ஊற்றினேன்.

ஜூன் 26

ஐயோ.

காலையில் வழக்கம்போல ஊற்றினேன். ஊற்றின இடத்தில் புகை மாதிரி வெள்ளை கிளம்பியது. பத்து நிமிஷத்தில் தொட்டி முழுக்கப் பால். மீன்கள் எங்கே, பாறை எங்கே, ஒன்றும் தெரியலை. கையை விட்டுப் பார்த்தேன், மணல் கல்லு மாதிரி கட்டியாயிடுச்சு. ஹீட்டர் மேல சுண்ணாம்பு. என்ன பண்ணிட்டேன் நான்?

அந்த ஊதாப் பவளம் செத்தால் நான் தாங்கமாட்டேன்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டுச் சோதனைப் பெட்டி வாங்கக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் சாவகாசமாகக் கேட்டார்: "ஏம்மா, சார் முந்தாநாள்தானே கால்சியம் வாங்கிட்டுப் போனாரு? நீங்களும் போன வாரம் வாங்குனீங்க. வீட்டுல சுவரு கட்டுறீங்களா?"

அப்படியென்றால் அவரும் ஊற்றிக்கொண்டிருக்கிறார்!

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சும்மா" என்றார். இரண்டு பேருக்கும் விற்று முடித்த பிறகு வந்த ஞானம்.

வீட்டில் தொட்டித் தண்ணீரில் சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனையாவது சொட்டில் நிறம் மாறுகிறது என்று எண்ணினேன். இளஞ்சிவப்பு நீலமாக மாறாமலே போய்க்கொண்டிருந்தது. 540. அவ்வளவு கால்சியமும் சுண்ணாம்புப் பாலாகக் கொட்டின பிறகும் மிச்சம் 540!

மதியத்திலிருந்து ராத்திரிவரை ஊரார் ரத்தத்தில் கால்சியம் அளந்து சம்பளம் வாங்குகிற லேப்காரி நான். என் வீட்டுத் தொட்டியில் அளக்காமல் ஊற்றியிருக்கிறேன். வெளியே சொன்னால் வேலை போய்விடும்.

ஜூன் 26, மாலை

அவர் வந்தார். தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ தொடமாட்டேன்னு சொன்னியே?"

"நீங்களும்தான் சொன்னீங்க."

"நான் கோவத்துல சொன்னது. காலையில நீ குளிக்கப் போறப்ப ஊத்திடுவேன்."

"நான் நீங்க ஆபீஸ் போனதும்."

இருபத்தேழு நாளில் முதல் வார்த்தை. மேற்கொண்டு பேச நேரமில்லை. வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினோம்.

ஜூன் 27

டிராயரில் அவருடைய குறிப்புப் புத்தகம் அகப்பட்டது. மனிதர் வாராவாரம் அளந்திருக்கிறார்! "455 – உப்பு சரியில்லை போல." "490 – சோதனை மருந்து காலாவதியா?" "525 – கடைக்காரன் மட்டமான சரக்கு தர்றான்." உப்பைச் சந்தேகப்பட்டார், மருந்தைச் சந்தேகப்பட்டார், கடைக்காரனைச் சந்தேகப்பட்டார். பெண்டாட்டி ஊற்றியிருப்பாள் என்று மட்டும் தோன்றவேயில்லை. பால் பொங்கினதைவிட இதுதான் எனக்கு எரிந்தது.

புத்தகத்தை அவர் முன்னால் போட்டேன். "இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். காது சிவந்தது.

எனக்கும் அவர் ஊற்றியிருப்பார் என்று தோன்றவில்லைதான். அது வேறு விஷயம்.

ஜூலை 8

ஊதாப் பவளத்தின் மேல்கிளைகள் சதை உரிந்து வெறும் எலும்பு. அழுதேன். வெட்டி எடுக்க அவர் கை வரவில்லை, நானே வெட்டினேன். கீழ்ப்பாதி பிழைக்குமா?

தொட்டி ஓரத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஊற்றினவர் அதில் எழுத வேண்டும். அவர் ஏற்பாடு.

ஜூலை 30

465. இறங்குகிறது.

ஆகஸ்ட் 24

420. வெட்டின இடத்தில் ஊதாவாக ஒரு பொட்டு, குண்டூசித் தலை அளவு.

நாத்தனார் வந்தாள். "என்ன அண்ணா, மரம் மாதிரி நின்னது குட்டையாயிடுச்சு? நீ ஒருத்தனே எப்படித்தான் சமாளிக்கிறியோ!" என்றாள். நான் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அவகிட்ட கேளு" என்றார். "எவ்வளவுன்னு அவதான் அளந்து சொல்லுவா. நான் ஊத்துறதோட சரி."

அடுப்படியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

தாளைப் பார்த்தால் பாதி நாள் ஊற்றினதும் நான்தான். இன்றைக்கு அதைச் சொல்லவில்லை.