நாடாவைத் தள்ளிப் போட்டேன், அக்கா

என் செல்ல அக்கா, கோபம் வந்தால் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசமாட்டாயே, இதைப் படித்தபின் அதைவிட அதிக நாள் பேசாமல் இருந்தாலும் தப்பில்லை.

நீ போய் மூன்று கோடை ஆகிவிட்டது. உன் மகள் திவ்யா ஷூ கம்பெனிக்குப் போகிறாள். காலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால் பின்னலை முடித்தும் முடிக்காமலும் ஓடுகிறாள். மேலே படி என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை, நான் என்ன செய்ய?

நான் இன்னும் மன்னார் வளைகுடாவில்தான் இருக்கிறேன். கடலுக்கடியில் இறங்கி, எந்தப் பவளம் உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று பார்த்து எழுதுகிற அதே வேலை. முதலில் சொன்னபோது எப்படிச் சிரித்தாய்! "இன்னாடி இது, கல்லு உசுரோட இருக்குதா இல்லியான்னு பாக்கறதுக்கு ஒரு வேலையா?" கல் இல்லை அக்கா. கடுகளவுப் பூச்சிகள் கோடிக்கணக்கில் சேர்ந்து கட்டிய வீடு. அந்தப் பூச்சியின் உடம்புக்குள் ஒரு பாசி குடியிருக்கிறது. நிறம் கொடுப்பதும் அதுதான், சோற்றில் பெரும்பங்கு போடுவதும் அதுதான். கடல் தண்ணீர் நாள்கணக்கில் சூடாகவே இருந்தால் பூச்சி பாசியை வெளியே தள்ளிவிடும். அப்புறம் பவளம் வெள்ளை வெளேரென்று நிற்கும்.

வெளுத்ததும் செத்துவிடாது. அதுதான் என் வயிற்றெரிச்சல். தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்து, சுத்தமாகவும் இருந்தால் பாசி திரும்ப வரும், பவளம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் நாங்கள் பார்க்கிற தீவுக்கு எதிரே கரையிலிருந்து சாக்கடை இறங்குகிறது, சேறு வந்து மூடுகிறது. சூட்டில் துவண்டு கிடப்பதன் தலையில் சேற்றையும் கொட்டினால் எது எழுந்திருக்கும்? முதலில் போவது மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட பவளம். அதன் இடுக்குகளில்தான் குஞ்சு மீன்கள் ஒளிந்து வளரும். அது போனால் மீனும் போய்விடும். பாறை மாதிரி உருண்டையாக வளர்கிற ஒன்றிரண்டு வகைதான் தாக்குப்பிடிக்கும்.

போன கோடையில் கொம்புப் பவளம் அத்தனையும் செத்தது. நாங்கள் அங்கே இரும்புக் கம்பி அடித்து வைத்திருக்கிறோம். வருடா வருடம் அந்த இடத்திலேயே அளவு நாடாவை விரித்து, அதன் கீழே இருப்பதை எழுதவேண்டும். எங்கள் அதிகாரி படகில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "கொஞ்சம் கிழக்கால தள்ளிப் போடும்மா. அங்க உருண்டைப் பவளம் நிறைய இருக்கு. அதே தீவுதானே? வெயில் அடிச்சா நாம என்ன பண்ண முடியும்?"

தள்ளிப் போட்டேன். பவளம் நலம் என்று அறிக்கை போனது. சாக்கடையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதற்குத் திறக்கவேண்டும், எல்லாம்தான் நலமாயிற்றே!

நான்கு நாள் முன்பு திவ்யா போன் செய்தாள். "வர்ற திங்கக்கெழம ஆடிட்டு சித்தி, ஷூ வாங்கறவங்க வெளிநாட்டுல இருந்து கம்பெனிய சோதன பண்ண வர்றாங்க. எங்க லைன்ல இருமினே இருக்கற ரெண்டு அக்காங்களுக்கு அன்னிக்கி லீவு குடுத்துட்டாங்க." மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உனக்கும் அப்படித்தானே லீவு கொடுத்தார்கள்? நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நீ அந்தத் தோல் ஃபேக்டரியில், தகரக் கூரையின் கீழே, தோலுக்குச் சாயம் அடிக்கிற செக்‌ஷனில் நின்றாய். இருமல் வந்த பிறகு, ஆடிட் என்றால் உனக்கு வீடு. கறிக்குழம்பு வைப்பாய், நானும் விவரம் தெரியாமல் குதிப்பேன். வந்தவர்கள் தெம்பாக நின்றவர்களைப் பார்த்துவிட்டு, எல்லாரும் ஆரோக்கியம் என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். கடைசியில் உனக்கு மாலை கொண்டுவந்த மேனேஜர் என்ன சொன்னான் தெரியுமா? "அவங்களுக்கு ஏற்கெனவே வீசிங் இருந்துதும்மா." ஏற்கெனவே என்றால் எப்போது? பிறந்தபோதா?

அந்த ஆத்திரத்தையெல்லாம் திவ்யாவிடம் காட்டினேன். "நீங்க யாரும் கேக்க மாட்டீங்களா? வாய் இல்லியா?"

அவள் திருப்பிக் கேட்டாள்: "நீ கேட்டியா சித்தி? போன வருசம் டேப்ப தள்ளிப் போட்டேன்னு நீதான சொன்ன."

போனை வைத்துவிட்டேன். சரியாகத்தான் கேட்டாள். உன்னை வீட்டில் உட்காரவைத்தவனை மூன்று வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன், அவன் செய்ததையே தண்ணீருக்கடியில் நானும் செய்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது அக்கா.

மறுநாள் இந்த வருடத்துக் கணக்கெடுப்புக்கு இறங்கினோம். அதிகாரி மறுபடியும் கிழக்கே கையைக் காட்டினார். முடியாது சார் என்றேன். "கான்ட்ராக்ட் முடியற நேரம்மா, யோசிச்சுக்கோ" என்றார். கம்பி அடித்த இடத்திலேயே விரித்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை செத்த கொம்புகள், மேலே சேறு, அதன்மேல் அழுக்குப் பாசி. ஒரு குஞ்சு மீன்கூட இல்லை. அழுகை வந்தது. அழுதால் முகமூடிக் கண்ணாடி மங்கி எழுத முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

நேற்று அறிக்கையை அனுப்பிவிட்டேன். சாக்கடையையும் சேற்றையும் எழுதினேன். போன வருடம் நாடாவை இடம் மாற்றி விரித்தது நான்தான் என்றும் பெயர் போட்டு எழுதினேன். மேலிடத்தில் படிப்பார்களா, குப்பையில் போடுவார்களா, தெரியாது. வேலை போகும் என்பது மட்டும் தெரிகிறது.

திவ்யாவுக்கும் போனில் படித்துக் காட்டினேன். உச்சுக் கொட்டுவாள் என்று நினைத்தேன். "அந்த ரெண்டு அக்காங்களும் திங்கக்கெழம வேலைக்கி வர்றாங்களாம் சித்தி. நான் பேசிட்டேன். அவங்க நடுவுல நான் நிக்கப் போறேன்" என்றாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "ஜாஸ்தியாவே இருக்குது" என்றாள்.

அதனால் நாளைக்கு ரயில் ஏறுகிறேன். ஜோலார்பேட்டையில் இறங்கி, திங்கட்கிழமை காலை அவளோடு கம்பெனி பஸ்ஸிலேயே ஏறப் பார்ப்பேன். ஏற்றாவிட்டால் நடந்தாவது போய்க் கம்பெனி வாசலில் நிற்பேன். உன் பெண்ணை வெளியே அனுப்பினால் உள்ளே போய் ஏன் என்று கேட்பேன். உனக்காக ஒரு தடவைகூட நான் உன் ஃபேக்டரிக்குப் போய்க் கேட்கவில்லை. அவளுக்காகக் கேட்பேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
மல்லிகா