பம்பளிமாஸ் கையில் இருப்பவர் பேசலாம்

எமாயி தீவு, வனுவாட்டு

அன்பு மகள் லெய்வியாவுக்கு உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், கர்த்தர் கிருபையால் இந்த வருஷம் கிழங்கும் நன்றாக விழுந்திருக்கிறது, அந்த நியூசிலாந்துக் குளிரில் நீ இருமல் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாயா என்று எழுது. இது யார் கையெழுத்து என்று முழித்திருப்பாய். என்னுடையதுதான். ஒவ்வொரு எழுத்தாக நட்டுக்கொண்டு வருகிறேன், கோணல் இருக்கும், சிரிக்காதே, சிரித்தாலும் பரவாயில்லை. இதுவரை உனக்கு வந்ததெல்லாம் சபை மூப்பர் தாரி எழுதிக்கொடுத்தது. நான் சொல்வதில் பாதியை, இதெல்லாம் எதுக்கு கால்மெட், பொண்ணு கவலைப்படும் என்று விட்டுவிடுவார். இதில் யாரும் எதையும் விட முடியாது.

சபைக் கூடத்தில் பெரியவர்களுக்கு மத்தியான வகுப்பு நடப்பது உனக்குத் தெரியும். பழைய வாத்தியார் ஒன்று சொல்வார், நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதையே கத்துவோம். ஊர் முழுக்கக் கேட்கும், மூப்பருக்கு ரொம்பப் பிடிக்கும், அந்தச் சத்தத்துக்குள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு எழுத்தும் ஏறவில்லை. இப்போது மாலெகுலாத் தீவிலிருந்து புது வாத்தியாராக மிஸ் ரோலின் வந்திருக்கிறாள், உன் வயசுதான் இருக்கும். வந்த அன்றே பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு எங்களைப் பாயில் வட்டமாக உட்கார வைத்தாள். பன்றி தோட்டத்துக்குள் போனது என்று பலகையில் எழுதினாள், நாங்கள் வழக்கம்போல் கத்தினோம். அவள் காதைப் பொத்திக்கொண்டு, அது சரி, தப்பு யார் மேல, பன்னி மேலயா தோட்டக்காரர் மேலயா என்று கேட்டாள். நாங்கள் அவள் வாயையே பார்த்தோம், கேள்வி கேட்ட வாத்தியாரே பதிலும் சொல்வதுதானே நமக்குப் பழக்கம். அவள் சொல்லவில்லை. ஒரு பம்பளிமாஸ் பழத்தைப் பாயில் உருட்டிவிட்டாள். பழம் யார் கையில் இருக்கிறதோ அவர் பேச வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும், மற்றவர்கள் காது கொடுக்க வேண்டும், கடைசியில் எல்லோரும் உரித்துத் தின்னலாம் என்றாள். அது நேராக வந்து என் காலில் முட்டியது. வேலி போட வேண்டியது பன்னிக்குத்தான், கிழங்குக்கு இல்ல, கிழங்கு எங்கயும் நடந்து போறதில்லையே என்று சொல்லிவிட்டேன். நான் ஒத்துக்க மாட்டேன் என்று எதிரில் ஒரு குரல், பார்த்தால் உன் அம்மா. இவரு போட்ட வேலியில கோழியே சிரிச்சுக்கிட்டு நுழையும், பன்னியைக் குத்தம் சொல்ல வந்துட்டாரு என்றாள். கூடமே சிரித்தது. நாங்கள் சொன்னதையெல்லாம் மிஸ் ரோலின் அப்படியே பலகையில் எழுதினாள். என் வாயிலிருந்து வந்தது அங்கே வெள்ளையாக நின்றது. நான் முதலில் வாசித்த வரி அதுதான் மகளே, நானே சொன்ன வரி.

ஊரில் கட்டாமல் திரியும் பன்றிகள் மூப்பர் தாரியுடையவை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வகுப்புப் பேச்சு வெளியே வந்துவிட்டது, உங்க பன்னிக்கு எப்ப மூப்பரே வேலி என்று என்னோடு படிக்கும் அபெட் அவரிடமே கேட்டுவிட்டான். அந்த ஞாயிறே ஆராதனை முடிந்ததும் ஊர்க்கூட்டம் வைத்தார். படிக்கப் போனவங்களுக்கு வாயாடக் கத்துக்குடுக்குறா, பொம்பளைங்க புருஷனை எதுத்துப் பேசுறாங்க, வகுப்பை மூடிட்டு இந்தப் பொண்ணை அடுத்த கப்பல்ல அனுப்பிடலாம் என்றார். யாருக்காவது பேச்சு இருக்கா என்றும் கேட்டார். நம் ஊரில் அப்படிக் கேட்டால் எல்லோரும் தலை குனிவார்கள், பேசாமல் இருந்தால் சம்மதம், அத்தோடு முடிந்தது. மிஸ் ரோலின் வாசலில் பையை அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் போனால் என் படிப்பும் அதே கப்பலில் ஏறிப் போய்விடும், உன் பெயரை எழுதக்கூட எனக்கு அப்போது வரவில்லை.

அந்த நேரம் பெண்கள் பக்கமிருந்து ஒரு பம்பளிமாஸ் உருண்டு வந்து கூடத்தின் நடுவில் நின்றது. உன் அம்மாவின் வேலைதான். நான் எழுந்து போய் அதை எடுத்தேன். எனக்குப் பேச்சு இருக்கு, நான் ஒத்துக்கலை, எல்லாரோடயும் சேர்ந்து கத்துனப்ப எனக்கு ஒண்ணும் ஏறல, தனியா ஒரு பேச்சு பேசினப்பதான் எழுத்து வந்துச்சு, அதுதான் என் காரணம் என்றேன். கூடத்துக்குப் பக்கத்து வீட்டு லெய்பாக்கோவா கை நீட்டிப் பழத்தை வாங்கினாள். வகுப்பு இருக்கட்டும், ஆனா சத்தம்னு மூப்பர் சொல்றது நெசம்தான், என் பேரப்பிள்ளை தூங்க மாட்டேங்குது என்றாள். அபெட் வாங்கினான், அதுக்கு நான் ஒத்துக்கலை, உன் பேரன் சத்தத்துலதான் எங்களுக்குத் தூக்கமே இல்ல என்றான். பழம் கை மாறி மாறிக் கடைசியில் மூப்பர் கைக்கே போனது. காரணம் சொல்லுங்க மூப்பரே என்றோம். அவர் பழத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. உன் அம்மா எழுந்து, மூப்பர் பேசலை, அப்ப சம்மதம், முடிஞ்சது, வாங்க போகலாம் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் மூப்பர் கூடத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். போடட்டும். வகுப்பு இப்போது அபெட்டின் கொப்பரைக் கொட்டகையில் நடக்கிறது, அதற்குக் கதவே கிடையாது. கப்பல் வந்தது, போனது, மிஸ் ரோலின் போகவில்லை. இந்தக் கடிதத்தையும் அங்கே இருந்துதான் எழுதுகிறேன், பக்கத்தில் ஒரே சண்டை, கொப்பரை வாடை தலைக்கு ஏறுகிறது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இனி உன் விஷயம். ஆப்பிள் பறிக்கும் ஏணியில் ஒரு படி ஆடுகிறது என்று போனில் அம்மாவிடம் சொன்னாயாம். எல்லாம் சரியா என்று மேஸ்திரி காலையில் கேட்கும்போது நம் ஆட்கள் எல்லோரும் புருவத்தைத் தூக்கி ஆமாம் என்றுவிடுகிறார்களாம், நீயும்தானாம். அது வேண்டாம் மகளே. அவர் உன்னை என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். உன் அப்பன் இந்த வயசில் ஊர் நடுவே எழுந்து நின்றான். நாளைக் காலையில் நீ புருவத்தைத் தூக்காதே, கையைத் தூக்கு. காரணத்தையும் சொல். பிறகு அடுத்தவளைப் பார்த்து, நீ என்ன சொல்றே என்று கேள்.

கர்த்தர் உன் கால்களைத் தவறவிடாமல் காப்பாராக. உன் அம்மா முத்தம் அனுப்புகிறாள், கம்பளிச் சட்டையை மறக்காதே என்கிறாள், அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்கிறேன். ஏணியை மாற்றினார்களா என்று பதில் எழுது, நானே வாசித்துக்கொள்வேன்.

இப்படிக்கு, யாரும் எழுதிக்கொடுக்காமல்,
உன் அப்பா
கால்மெட்